கூட்டக் குறிப்பில் என் மகள்

மார்ச் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். கிளினிக்கில் சூடாக்கி பழுது. பல் வைத்தியர் கம்பளிச் சட்டைக்கு மேல் வெள்ளைக் கோட்டோடு வேலை. என் வரவேற்பு மேசையில் பதினொரு ராந்தேவு, நேரம் குறித்தவர்களில் இரண்டு பேர் வரவில்லை. கன்னம் வீங்கிய ஒருவர், வன்னியிலிருந்து வந்து நாலு மாதமாம்: "அக்கா, கார்த் வித்தால் இன்னும் வரேல்லை. பல்லுக்கு அது தெரியுதில்லையே." மருத்துவக் காப்புறுதி அட்டை இல்லாமலே உள்ளே விட்டேன்.

மதியச் சாப்பாட்டு நேரம், வழக்கம்போல் போனில் ஹார்வெல். ஆற்று நீர்மட்டம் முப்பத்தொரு அடி. நேற்றைவிட ஒன்று கூட.

இது புதுக் கொப்பி. முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துவிடுகிறேன், பிறகு எனக்கே மாற்றிச் சொல்லாமல் இருக்க. தர்சி எங்கள் ஒரே பிள்ளை. பரிஸ் நகரில் பிறந்து, இங்கேயே படித்து, நீரியல் பொறியியலாளர் ஆனாள். ஒரு வருட ஆராய்ச்சி என்று அமெரிக்கா போனாள். கென்டக்கி மாநிலத்தின் மேற்கு முனை, மிசிசிப்பி ஆற்றங்கரை, ஹார்வெல் கவுண்டி என்ற நாட்டுப்புறம். ஆறு அளக்கிற வேலை. அங்கே கார் ஏற்றி இறக்கும் படகை ஓட்டுகிற டானியலைக் கட்டிக்கொண்டாள். கலியாணத்துக்கு நான் போகவில்லை. போனில் சொன்னேன்: "படகோட்டியைக் கட்டவோ உன்னை இவ்வளவு படிப்பிச்சது? இனி எனக்குப் போன் எடுக்காதை."

மூன்று வருடம். எடுக்கவில்லை. சொன்னதைக் கேட்கிற பிள்ளை.

அவள் பெயரைப் போட்டுத் தேடியபோதுதான் கவுண்டியின் இணையப் பக்கம் அகப்பட்டது. போன வருடம், இதே மாதம். மாதாந்தச் சபைக் கூட்டத்தின் குறிப்புகளை அப்படியே போடுகிறார்கள். அதில் தர்சி: கவுண்டியின் வெள்ளப் பொறுப்பதிகாரி. அப்பாவின் பெயரைத்தான் வைத்திருக்கிறாள். முதல் குறிப்பில் அந்தப் பெயரை மூன்று விதமாகப் பிழையாக எழுதியிருந்தார்கள். இப்போது பேசாமல் "தர்சி" என்றே போடுகிறார்கள்.

வீட்டில் இவருக்கு, தர்சியின் அப்பாவுக்கு, நான் வாசிப்பது தெரியாது.

மார்ச் 5, புதன்

வெயில், ஆனால் குளிர். முருங்கைக்காய் வாங்க மறந்தேன்.

ராந்தேவு அட்டையின் பின்பக்கத்தில் ஹார்வெல் வரைபடம் கீறிப் பார்த்தேன். பார்க்காமல் கீற முடிகிறது.

மேற்கே ஆறு. கவுண்டியின் எல்லை ஆற்றின் நடுவால் போகிறது. அக்கரை வேறு மாநிலம், வேறு சட்டம், வேறு பொலிஸ். ஆறு நேராகப் போவதில்லை, கீழே விழுந்த நூல்போலச் சுருண்டு கிடக்கிறது. வழி மாறியபோது விட்டுப்போன துண்டு ஒன்று இப்போது வளைந்த ஏரி. கிழக்கே மேடு. மேட்டு விளிம்பில் ஊர், நீதிமன்றக் கட்டடம், தண்ணீர்த் தாங்கி, பள்ளிக்கூடம். மேட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவில் பள்ளநிலம், கண்ணுக்கெட்டும் வரை சோளமும் சோயாவும். பள்ளநிலத்தைக் காக்க ஆற்றோடு ஒட்டி நீளமான மண் அணை.

அணையில் ஓரிடத்தில் வாசல் மாதிரி ஒரு வெட்டு. அதற்குள்ளால் கீழ் வீதி ஆற்றுப் பக்கம் இறங்கி, படகுத்துறைக்குப் போகிறது. துறைக்கு முன்னால் பதினாலு வீடு. அணைக்கு வெளியே இருக்கிற வீடுகள். ஒன்று தர்சியுடையது. நவம்பர்க் குறிப்பில் இருந்தது: கீழ் வீதியில் பெரிய குழி, முறைப்பாடு செய்தவர் டானியல், வீட்டு வாசலுக்கு நேரே.

வெள்ளம் வந்தால் அந்த வெட்டைப் பலகையாலும் மண் மூட்டையாலும் அடைப்பார்கள். அடைத்தால் பள்ளநிலம் தப்பும். அந்தப் பதினாலு வீடும் வெளியே நிற்கும்.

பக்கத்து மேசை ரெஜின், பாண்டிச்சேரிக்காரி, எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, அப்பார்த்மான் பிளானா? புதுசா வீடு வாங்கப் போறீங்களா?"

ஓம் என்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

மேகம். இவர் மூன்று மணிக்குக் காற்று வாங்கப் போனார். ஒவ்வொரு ஞாயிறும் மூன்று மணி, ரயில் பாதைக்குப் பக்கத்துப் பூங்கா. கிழமை முழுக்க ஒபர்வில்லியே மொத்தச் சாமான் கிடங்கில் அரிசி மூட்டையோடு நிற்கிற மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் காற்றுப் போதாமல் வரும். காதில் மாட்டும் வயரை மறக்காமல் எடுத்துக்கொண்டு போவார்.

நாலேகாலுக்கு வந்தார். மூக்கு சிவப்பு.

"காற்று எப்பிடி?"

"பரவாயில்லை."

அவ்வளவுதான். மூன்று வருடமாக இவ்வளவுதான். நான் கேட்பதில்லை, அவர் சொல்வதில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

இவர் வெளியே நின்ற நேரம் ஹார்வெலின் சனத்தைப் பற்றிய பக்கம் வாசித்தேன். கவுண்டி முழுவதையும் கூட்டினாலும் எங்கள் தெரு ரூ பிலிப்-து-ஜிராரும் பக்கத்து நாலைந்து தெருவும் போதும். பத்து வருடத்துக்கு ஒருமுறை எண்ணும்போதும் குறைகிறது. இரண்டு பள்ளிக்கூடத்தை ஒன்றாக்கியாயிற்று. பிறப்பைவிட மரண அறிவித்தல் கூட. பெரும்பாலும் வெள்ளையர், அடுத்துக் கறுப்பர், அறுவடைக் காலத்தில் மெக்சிக்கோக்காரர். படித்தவர்கள் வெளிக்கிட்டுவிடுகிறார்கள். படித்துப்போட்டு உள்ளே போனவள் என் மகள்.

ஆறு முப்பத்திரண்டரை அடி.

மார்ச் 12, புதன்

ஈரக் காற்று. ஒரு பெண் மூன்று பிள்ளைகளோடு வந்து மூவருக்கும் ஒரே நேரத்தில் பல் பார்க்கச் சொன்னாள். பார்த்தோம்.

நேற்று இரண்டாம் செவ்வாய். ஹார்வெலில் சபை கூடியிருக்கும். குறிப்பு வர ஐந்தாறு நாள் செல்லும். டோனா தட்டச்சுச் செய்ய வேண்டும்.

டோனா கவுண்டியின் கிளார்க். எனக்கு அவரைப் பிடிக்கும். யார் என்ன சொன்னார் என்பதோடு நிற்பதில்லை. "உறுப்பினர் இருமினார், தண்ணீர் கொடுக்கப்பட்டது" என்றும் எழுதுவார். யார் கேக் கொண்டுவந்தது என்பதும் இருக்கும்.

அங்கத்தைய ஆட்சி எனக்கு விளங்கக் கன நாள் எடுத்தது. சபைக்குப் பெயர் நீதிமன்றம். தலைவருக்குப் பெயர் நீதிபதி. வழக்கு ஒன்றும் விசாரிப்பதில்லை. வீதி, பாலம், அம்புலன்ஸ், தெருநாய், அணை, இவைதான் வேலை. அவரோடு நாலு உறுப்பினர், நாலு பகுதிக்கு. அதைவிட ஷெரீப், கிளார்க், சிறைப் பொறுப்பாளர், மரண விசாரணை அதிகாரி. அத்தனை பேரையும் சனம் வாக்குப் போட்டு எடுக்கிறது. சிறைச்சாலைக்காரனைக்கூட!

முப்பது வருடமாக அரச அலுவலகமான பிரிபெக்தூரிலிருந்து எனக்குக் கடிதம் வருகிறது. கையெழுத்துப் போட்ட ஒருவரின் முகமும் தெரியாது. அங்கே வீதியில் குழி என்றால் உறுப்பினர் வீட்டுக் கதவைத் தட்டலாம் போல. அவரும் வெளியே வந்து பேச்சு வாங்கத்தான் வேண்டும்.

என் ஆங்கிலம் போதாது. போனில் பிரெஞ்சுக்கு மாற்றி வாசிக்கிறேன். சில வேளை சிரிப்பான பிரெஞ்சு வரும்.

மார்ச் 18, செவ்வாய்

குறிப்பு வந்துவிட்டது. ஆறு முப்பத்தாறு அடி.

நிதானமாக எழுத வேண்டும்.

நாலாவது விடயம், வெள்ளம். தர்சி சொன்னது: மேலே வடக்கில் பனி உருகுகிறது, மழையும் சேர்கிறது, இரண்டும் ஒன்றாக மாதக் கடைசியில் வரும். அணை வெட்டை 25ஆம் தேதி அடைக்க வேண்டும். கீழ் வீதிச் சனம் அதற்கு முதல் வெளியேற வேண்டும்.

மூன்றாம் பகுதி உறுப்பினர் பில். வயதான கமக்காரர், கீழ் வீதியில் குடியிருப்பவர். அவர் சொன்னாராம், எழுபது வருடமாக இந்த ஆற்றைப் பார்க்கிறேன், அது இன்னும் வீதியையே தொடவில்லை. பிறகு: "மிஸ், நீங்கள் வந்த இடத்தில் ஆறு இருக்கிறதா?"

தர்சி: "இருக்கிறது. செய்ன் ஆறு. அங்கேயும் தண்ணீர் பள்ளத்துக்குத்தான் ஓடும்."

அடைப்புக்குறிக்குள் டோனா: சிரிப்பு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கிழவரை ஒரு கேள்வி கேட்க வேண்டும் போல் இருந்தது. வாக்கு மூன்றுக்கு இரண்டு. தர்சி சொன்னபடி அடைப்பது என்று முடிவு.

ஏழாவது விடயம். தர்சிக்கு ஜூலையிலிருந்து பன்னிரண்டு கிழமை விடுமுறை. ஏகமனதாக அனுமதி. பில்லின் மனைவி எலுமிச்சைக் கேக் கொண்டுவந்தார். எல்லாரும் வாழ்த்தினார்கள்.

முதலில் வருத்தமாக்கும் என்று நினைத்தேன். ஏதோ சத்திரசிகிச்சை. வருத்தத்துக்கு ஏன் கேக்? ஏன் வாழ்த்து? பன்னிரண்டு கிழமை.

மேசையில் டெலிபோன் அடித்தபடி. எடுத்தேன். யாரோ மதாமுக்கு ஏப்ரல் 31 என்று ராந்தேவு கொடுத்தேன். அவ திருப்பி எடுத்துச் சொன்னபிறகுதான் தெரியும்.

மார்ச் 19, புதன்

ராத்திரிச் சாப்பாடு: பாண், நேற்றைய பருப்பு, முட்டைப் பொரியல்.

நான் கேட்டேன்: "எத்தினை மாசமாம்?"

இவர் பாணைத் தட்டில் வைத்தார். "என்னது?"

"தர்சிக்கு."

"உமக்கு ஆர் சொன்னது?"

"கவுண்டி."

"எந்தக் கவுண்டி?"

போனை எடுத்துக் காட்டினேன். எல்லாக் குறிப்பும் வரிசையாக. வாசித்துக்கொண்டே போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார்.

"அஞ்சு," என்றார். "ஜூலைக் கடைசி எண்டு சொன்னவ."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"சொல்லட்டோ எண்டு அவவைக் கேட்டனான். அம்மா கேட்டால் சொல்லுங்கோ எண்டவ. நீர் கேக்கேல்லை."

சண்டை பிடிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். பிடிக்க ஒன்றும் இல்லை. பாத்திரம் கழுவினேன். இவர் பக்கத்தில் நின்று துடைத்தார். வழக்கமாகத் துடைப்பதில்லை.

மார்ச் 23, ஞாயிறு

நல்ல வெயில். இவர் பூங்காவுக்குப் போகவில்லை. குசினிக்குள் நின்று எடுத்தார். நான் கதவுக்கு இந்தப் பக்கம், துணி மடிக்கிற சாட்டில். தர்சி எடுக்கவில்லை. பத்து நிமிடம் கழித்து ஒரு வரி வந்தது, பிரெஞ்சில்: இன்று முடியாது அப்பா, மண் மூட்டை, புதன் எடுக்கிறேன்.

பிறகு இருவரும் மேசையில் இருந்து கதைத்தோம். இவருக்கு அவளின் மசக்கைச் சத்தி, நித்திரை, டானியல் சமைக்கிற பீன்ஸ் கறி, அவனுடைய தாய்க்கு முழங்கால் வருத்தம், எல்லாம் தெரியும். எனக்கு அணை, வெட்டு, வாக்கு தெரியும். ஒருவருக்கும் முழுக்கத் தெரியாது.

ராந்தேவு அட்டைப் படத்தை எடுத்து வைத்தேன்.

"அணையில ஏன் ஓட்டை விட்டவை?"

"றோட்டுப் போகவேணுமே. படகுத்துறைக்கு."

"தர்சியின்ர வீடு எந்தப் பக்கம்?"

"ஆத்துப் பக்கம்."

இவர் விரலை அந்த இடத்தில் வைத்தார். நகத்தில் கிடங்குத் தூசி. "எனக்கு ஒரு நாளும் சொல்லேல்லை. தண்ணியைப் பாத்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கிறம் எண்டுதான் சொல்லுவா. நல்ல இடமாக்கும் எண்டு நானும்..."

முப்பத்தொன்பது அடி.

மார்ச் 26, புதன்

மழை இங்கே. அங்கே அதைவிட.

கவுண்டிப் பக்கத்தில் அறிவித்தல். அணை வெட்டு நேற்று மாலை அடைக்கப்பட்டது. கீழ் வீதியில் பதின்மூன்று வீட்டார் மேட்டுக்கு வந்துவிட்டார்கள், பலர் பள்ளிக்கூட மண்டபத்தில். ஒரு வீட்டார் வர மறுப்பு. பெயர் போடவில்லை. யாரென்று எனக்குத் தெரியும்.

கார்ப் படகுச் சேவை நிறுத்தம். ஆற்றங்கரையில் நின்ற கைத்தொலைபேசிக் கோபுரம் வேலை செய்யவில்லை. அவசரம் என்றால் நீதிமன்றக் கட்டடத்தின் பழைய தொலைபேசிக்கு எடுக்கவும். இலக்கம் கொடுத்திருந்தார்கள்.

தர்சி எடுக்கவில்லை. இவர் வேலையிலிருந்து மூன்று முறை எனக்கு எடுத்தார், அங்கிருந்து வந்ததா என்று கேட்க. முன்பெல்லாம் பாண் வாங்கிவரவா என்று கேட்கக்கூட எடுக்க மாட்டார்.

பதின்மூன்றில் அவள் ஒன்று. அதை இரண்டு முறை சொல்லிக்கொண்டேன்.

மார்ச் 27, வியாழன்

ஒன்றும் இல்லை. நாற்பத்திரண்டு.

இரண்டு பல் பிடுங்கல், ஒரு அழுகை (நோயாளி).

மார்ச் 28, வெள்ளி

எடுத்தேன்.

அங்கே கோடைக்கு மணிக்கூட்டை மாற்றிவிட்டார்கள், இங்கே இன்னும் இல்லை. வழக்கமாக ஏழு மணி வித்தியாசம், இந்தக் கிழமை ஆறு. நீதிமன்றக் கட்டடத்தை எட்டுக்குத் திறப்பார்கள் என்றால் இங்கே இரண்டு. ரெஜினிடம் மேசையைக் கொடுத்துவிட்டு, கிளினிக் மாடிப்படியில் போய் இருந்தேன். ஆங்கில வசனங்களைத் தாளில் எழுதி வைத்திருந்தேன். ஏழு வசனம்.

இரண்டாம் மணியில் எடுத்தார்கள். "கவுண்டி கிளார்க், டோனா." நான் நினைத்ததைவிடக் கட்டைக் குரல். ஆறுதலான பேச்சு, ஒவ்வொரு சொல்லும் இழுபட்டு வந்தது. மண் மூட்டை வேண்டுமா, தங்க இடம் வேண்டுமா என்று கேட்டார்.

இல்லை, நான் பரிசிலிருந்து என்றேன்.

எந்தப் பரிஸ் என்றார். கென்டக்கியில் ஒன்று இருக்கிறதாம், டென்னசியில் ஒன்று இருக்கிறதாம்.

பிரான்ஸ் என்றேன்.

டோனா உடனே சொன்னார்: "நீங்கள் தர்சியின் அம்மா." கேள்வி மாதிரி இல்லை.

என் தாளில் அதற்குப் பதில் எழுதியிருக்கவில்லை. யெஸ் என்றேன்.

டோனா மறைக்காமல் சொன்னார். பில்லும் மனைவியும் வீட்டு மேல்மாடியில் அகப்பட்டுவிட்டார்கள். வெளிச்சம் வந்தவுடன் டானியல் சின்னப் படகில் போயிருக்கிறான். தண்ணீர் எந்த நேரம் எவ்வளவு ஏறும் என்று கணக்குத் தெரிந்தவள் தர்சி மட்டும், அதனால் அவளும் கூட. இன்னும் திரும்பவில்லை. படகில் உள்ள வானொலியில் கதைக்கிறார்கள். "அவனைவிட இந்த ஆறு தெரிந்த ஆள் எங்களிடம் இல்லை, மேம்," என்றார்.

ஐந்து மாத வயிற்றோடு. எனக்குக் கோபம் வந்தது.

கொஞ்சம் பொறுங்கள் என்றார். வானொலி கரகரத்தது. "அவளிடம் என்ன கேட்க?"

ஏழு வசனத்தில் அது இல்லை. "சுகமா என்று கேளுங்கள்" என்றேன்.

டோனா கேட்டார். கரகரப்பு. டோனா திரும்பி வந்து: "யார் கேட்பது என்று கேட்கிறாள்."

"அம்மா என்று சொல்லுங்கள். அம்மா."

டோனா "அமா" என்றார் வானொலிக்குள். நீளமான கரகரப்பு. யாரோ ஆண் குரல், எஞ்சின் சத்தம், நாய் ஒன்று. படியில் என் பக்கத்தால் ஒரு கிழவர் கன்னத்தைப் பிடித்தபடி ஏறிப் போனார். ஒதுங்கி வழி விட்டேன்.

"மேம்? ஒரு சொல் மட்டும் சொல்கிறாள். சொல்லா, வானொலி இரைச்சலா தெரியவில்லை. 'ஓம்' என்று கேட்டது. அது சரியா?"

சரி என்றேன். சரி, சரி.

பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய நாளிலிருந்து எனக்குப் பிரெஞ்சில் பதில் சொல்லும் பிள்ளை அவள்.

ரெஜின் வந்து பார்த்தாள். "என்னக்கா, மலாதா, உடம்பு சரியில்லையா? முகமெல்லாம் ஒரு மாதிரி."

வீட்டு விடயம் என்றேன். முகம் கழுவிக்கொண்டு மேசைக்கு வந்தேன். இவருக்கு எடுத்தேன். கிடங்கு இரைச்சலில் இரண்டு தரம் சொல்ல வேண்டி இருந்தது. பிறகு ஃபோர்க்லிஃப்டை நிற்பாட்டச் சொல்லிக் கத்தியது கேட்டது.

மார்ச் 30, ஞாயிறு

இங்கேயும் மணி மாற்றியாயிற்று. ஒரு மணி நித்திரை குறைவு. வெயில்.

ஆறு நேற்று நாற்பத்துநாலு அடியில் நின்றது. இன்று காலை ஒரு விரல் இறக்கம். அணை பிடித்தது. அடைத்த வெட்டும் பிடித்தது. பள்ளநிலம் தப்பியது. உயிர் ஒன்றும் போகவில்லை.

கீழ் வீதி முழுக்கத் தண்ணீருக்குள். டோனா படம் போட்டிருக்கிறார்: கூரைகள் வரிசையாக, ஒரு தபால் பெட்டியின் சிவப்புக் கொடி மட்டும் மேலே. எந்தக் கூரை அவளுடையது என்று இவர் கேட்டார். குழிக்கு நேரே இருப்பது என்றேன். குழி எங்கே தெரியப் போகிறது?

டானியல் படகில் ஏற்றியவர்களின் பெயரை டோனா எழுதியிருக்கிறார். பில், அவர் மனைவி, அதற்கு முதல் நாள் சாமான் எடுக்க வீட்டுக்குத் திரும்பிப் போன ஒரு விதவை, அணை காவலுக்குப் போய் அகப்பட்ட இரண்டு பேர், மூன்று நாய்.

இவர் சத்தமாக வாசித்தார். படகோட்டி என்ற சொல்லை அன்று நான் எந்தக் குரலில் சொன்னேன் என்று எனக்கு நினைவு இருக்கிறது. இவருக்கும் இருக்கும். பெயர்களை இன்னொரு தரம் வாசித்தார்.

ஏப்ரல் 3, வியாழன்

வேலை முடிந்து வந்து சப்பாத்துக் கழற்றுகிறேன், போன். நீண்ட இலக்கம். அந்தப் பழைய தொலைபேசி.

"அம்மா."

குரல் கரகரத்திருந்தது. தடிமன். நீதிமன்றக் கட்டடத்தின் மேல்மாடியில் நிற்கிறாளாம், இரவில் டோனா வீட்டுச் சோபா.

நான் எடுத்ததை டோனா சொன்னார் என்றாள் பிரெஞ்சில். இந்த இலக்கம் எப்படித் தெரியும் என்றாள்.

"ஒரு வருசமா உங்கட கூட்டக் குறிப்பு வாசிக்கிறன்."

"எல்லாமா?"

"எல்லாம்."

"கழிவுநீர்க் குழாய்க் கூட்டமுமா?"

"அது இரண்டு தரம்."

சிரித்தாள், இருமல் வந்தது. நான் காத்திருந்தேன். இதற்கு மேல் நான் எதையாவது கேட்டால் மழை, தண்ணீர் என்று போய்விடும் என்று தெரிந்தது. சொல்லிவிட்டேன்.

"நான் அப்ப சொன்னது பிழை, தர்சி. டானியலைப் பற்றிச் சொன்னது. எடுக்காதை எண்டது. இரண்டும் பிழை."

அங்கே யாரோ கதவு திறந்து மூடினார்கள்.

பிறகு தமிழில் சொன்னாள், சொல் தேடித் தேடி. "நான் நெடுகக் கோவமாத்தான் இருந்தனான், அம்மா. இப்பவும் கொஞ்சம் இருக்கு."

"இருக்கட்டும்."

"ம்."

"சாப்பிட்டனியோ?"

பில்லின் மனைவி சூப் கொண்டு வந்தாராம். அந்த மனிதர் இப்போது ஒவ்வொரு காலையும் வந்து இன்று எவ்வளவு இறங்கும் என்று அவளிடம் கேட்கிறாராம். வீடு ஜன்னல் வரை சேறு. டானியலுக்குத் திரும்பிப் போய்க் கழுவிக் கட்ட விருப்பம், அவனுடைய தகப்பன் கட்டிய வீடு. அவளுக்கு மேட்டில் ஒரு வீடு பார்க்க விருப்பம். இரண்டு நாளாகக் கதைக்கவில்லையாம், ஒரே சோபாவில்.

நான் கருத்துச் சொல்லவில்லை. நாக்கு நுனி வரை வந்தது. மேடு, மேடு! விழுங்கினேன்.

"அப்பா எங்கை?"

"குளிக்கிறார்." கதவைத் தட்டினேன். துவாயோடு வந்து போனைப் பறித்தார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மூன்று மணி. குசினி மேசை. போன் சீனிப் போத்தலில் சாய்த்தபடி, நாங்கள் இருவரும் ஒரே படத்துக்குள் வர நெருக்கிக்கொண்டு. கோபுரம் திருத்தியாயிற்று. மூன்று வருடத்துக்குப் பிறகு முதல் முறை தர்சியைப் பார்க்கிறேன். மெலிந்திருக்கிறாள், வயிற்றைத் தவிர. தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருக்கிறாள். சொல்லவில்லை, நன்றாக இருக்கிறது என்று. சொல்லியிருக்கலாம்.

டானியல் பின்னால் குனிந்து "வணக்கம்" என்றான். "தேங்க் யூ" என்றேன். ஏன் என்று அவனுக்கு விளங்கியதோ தெரியாது. பெரிய கை, ஒரு விரலில் பிளாஸ்டர்.

மேட்டில் வாடகைக்கு ஒரு வீடு, ஒரு வருடத்துக்கு. அதற்குப் பிறகு பார்ப்போமாம். இருவரும் ஒத்துக்கொண்டது அவ்வளவுதான்.

ஜூலையில் வருவீர்களா என்று கேட்டாள். எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டாள், முதலில் என்னை.

"ஓம்," என்று இவர் எனக்கு முந்திச் சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 7, திங்கள்

கடவுச்சீட்டு ஜூனில் முடிகிறது. நகரசபை மெரியில் மே நடுப்பகுதிக்குத்தான் ராந்தேவு. எடுத்தாயிற்று. இவருடையதற்கும்.

மதியம் வைத்தியரிடம் விடுமுறை கேட்டேன். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை.

அவர் நாள்காட்டியைப் பார்த்தார். இவ்வளவு நாளா, என்ன விசேஷம் என்றார்.

"என் மகளுக்குக் குழந்தை."

வாழ்த்தினார். சம்பளமில்லாத விடுமுறை என்றால் சரி என்றார். சரி.

வெளியே வந்தால் ரெஜின் எழுந்து நிற்கிறாள். கதவு திறந்தபடி இருந்திருக்கிறது. இரண்டு வருடமாகப் பக்கத்து நாற்காலி. என் ரத்த அழுத்த மாத்திரையின் பெயர்கூடத் தெரிந்தவள்.

"அக்கா, உங்களுக்குப் பொண்ணு இருக்கா?"

"ஓம்."

"எங்க காட்டுங்க, போட்டோ."

போனை எடுத்தேன். ஒன்றும் இல்லை. அணை, கூரை, தபால் பெட்டி, கூட்டக் குறிப்பு. தர்சியின் படம் ஒன்றுகூட இல்லை, கலியாணச் சண்டையோடு எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். நேற்று போனில் பார்த்தபோது ஒரு படம் எடுத்து வைக்கவும் தோன்றவில்லை.

கொஞ்சம் பொறு என்றுவிட்டு இவருக்கு எடுத்தேன். வேலை நடுவில். "தர்சியின்ர படம் ஒண்டு அனுப்புங்கோ."

"ஏன், என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை. ரெஜினுக்குக் காட்ட."

ரெஜின் என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்று வந்தது. இன்னொன்று. பிறகு வரிசையாக வந்தபடி.

பதினேழு அனுப்பினார்.